வேகப்பந்து போடும் பிள்ளைகளுக்கு ஜிம் தேவையா?



நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக நடக்கும் வாக்குவாதத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "கபில்தேவ் எந்த ஜிம்முக்குப் போனார்? ஓடினார், போட்டார், ஜெயித்தார்" என்று ஒரு கட்சி. "காலம் மாறிப்போச்சு, என் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே ஜிம்மில் சேர்த்துட்டேன்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் என்னிடம் படித்தவர்கள். கடைசியில் "சார், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டீர்கள். குழுவில் எழுதினால் நடுவே நாலு 'காலை வணக்கம்' படம் வந்து விழும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த சாதாரண வாத்தியார். ஆனால் விளையாட்டு ஆசிரியரே இல்லாத நடுநிலைப் பள்ளிகளில் காலம் தள்ளியவன் என்பதால், சாக்பீஸோடு விசிலும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். கிரிக்கெட்டை வானொலி வர்ணனைக் காலத்திலிருந்து தொடர்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து போடும் பிள்ளைக்கு உடல் பலம் கட்டாயம் வேண்டும். அந்தப் பலம், பந்து வீசுவதால் உடம்பில் இறங்கும் சுமையைத் தாங்குவதற்காக. ஆனால் எத்தனை பந்து போடுகிறான் என்று யாருமே எண்ணாத வீட்டில், ஜிம் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது.

அந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். வேகமாகப் போகும் சைக்கிளில் முன்பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? சக்கரம் நிற்கும், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவான். வேகப்பந்து வீச்சும் இதே கணக்குதான். ஓடி வரும் வேகத்தை முன்கால் தரையில் ஊன்றித் தடுக்கிறது. கீழே தடைபட்ட வேகம் இடுப்பு, தோள், கை என்று மேலே ஏறிப் பந்துக்குப் போகிறது. முன்கால் மடங்காமல் நின்றால்தான் பந்தில் வேகம் வரும். ஆனால் அந்தக் கால் தரையைத் தொடும் கணத்தில் உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு விசை தாக்குகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் செய்கிறது. இது ஒரு ஓவரில் ஆறு முறை நடக்கிறது.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் எந்த வளைப்பில் உடைந்தது என்று சொல்ல முடியுமா? கீழ் முதுகெலும்பில் வரும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரும் அப்படித்தான். விழுந்து அடிபட்ட முறிவு இல்லை இது. சிறுகச் சிறுகச் சேர்ந்த விரிசல். வலது கையால் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் முதுகின் இடப்பக்கத்தில் வரும்.

1973-இல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் டென்னிஸ் லில்லிக்கு வந்தது இதுதான். அப்போது அவருக்கு வயது 23. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் வைத்திருந்தார்கள். பலர் அவர் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். அவர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் படித்தவர்களின் துணையோடு ஓட்டம், வயிறு, முதுகு, கால் என்று ஒவ்வொன்றாகப் பலப்படுத்திக்கொண்டார். பந்து வீசும் முறையையும் திருத்திக்கொண்டார். 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து 25 விக்கெட் எடுத்தார். ஓய்வு பெறும்போது 355 டெஸ்ட் விக்கெட், அன்றைக்கு உலக சாதனை. அதில் பெரும்பகுதி அந்த முறிவுக்குப் பிறகு எடுத்தவை.

இந்தக் கதை ஆஸ்திரேலியாவோடு முடியவில்லை. 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது அதை வழிநடத்த வந்தவர் இதே லில்லி. 2012 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பயிற்சி பெற்றவர்கள்தான். முதுகு உடைந்து, அதைக் கட்டி எழுப்பிய மனிதர் சேத்துப்பட்டு மைதானத்தில் நின்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது சாதாரண விஷயமா?

இப்போது கபில்தேவ் கட்சிக்கு வருகிறேன். கபில் 131 டெஸ்ட் ஆடினார், 434 விக்கெட் எடுத்தார். காயத்தால் ஒரு டெஸ்டைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எல்லாம் உண்மை, அவர் அதிசயப் பிறவி. ஆனால் அவரை வைத்து மட்டும் கணக்குப் போடுவது, பாஸானவர்களை மட்டும் எண்ணிவிட்டு 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று அறிக்கை எழுதுவது போல. பதினேழு வயதில் ஊரே பயப்படும் வேகத்தில் போட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதில் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் போன பையன்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. மேலும், கபில் பயிற்சி செய்யாதவர் இல்லை. அவருடைய ஓட்டமும் ஓயாத பந்துவீச்சும்தான் அவருக்கு உடற்பயிற்சிக் கூடம்.

ஜிம் கட்சிக்காரர்களே, நீங்களும் அவசரமாகச் சிரித்துவிடாதீர்கள். பேட் கம்மின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில். ஐந்து வருடத்துக்கும் மேல். நடுவில் முதுகு எலும்பில் மீண்டும் மீண்டும் விரிசல். ஆஸ்திரேலியாவில் இல்லாத ஜிம்மா, டாக்டரா? எல்லாம் இருந்தும் வளர்கிற எலும்பு அதன் வேகத்தில்தான் முற்றும். கீழ் முதுகெலும்பு முழுமையாக உறுதிப்பட இருபது வயதைத் தாண்டிவிடும். அவர்கள் காத்திருந்தார்கள். அதனால்தான் பின்னாளில் உலகக் கோப்பை வென்ற கேப்டன் கிடைத்தார்.

நம் பும்ராவையும் பாருங்கள். 2019-இல் முதுகு, 2022-இல் மறுபடியும், 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து 2024 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அந்த வருடக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டில் 32 விக்கெட், கடைசி டெஸ்டின் நடுவில் மறுபடியும் முதுகு. அடுத்த இங்கிலாந்துப் பயணத்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார். "நாட்டுக்காக ஆடாமல் ஓய்வா?" என்று பலர் கேட்டார்கள். அதே தொடரில் சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி 185 ஓவருக்கு மேல் போட்டு, ஓவலில் கடைசி நாள் காலையிலும் யார்க்கர் போட்டு ஜெயிக்க வைத்தார். நான் இருவரையும் பாராட்டுகிறேன். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. அதை அறிந்து நடப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

சரி, நம் ஊர் ஜிம்மில் நடப்பது என்ன? கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சும் புஜமும்தான். பையன்கள் கால் பயிற்சி நாளன்று காணாமல் போய்விடுகிறார்கள். பந்து போடுபவனுக்கு வேண்டியதோ தொடை, பிட்டம், கெண்டைக்கால், முதுகு, பக்க வயிறு. தோளின் பின்பக்கத் தசைகளும் முக்கியம். பந்தை விட்ட பிறகு சுழலும் கையை நிறுத்துவது அவைதான். மற்ற பலம் வண்டியின் எஞ்சின் என்றால் இது பிரேக். முன்பக்கம் மட்டும் வளர்ந்த தோள், பிரேக் இல்லாத லாரி. புஜம் பெருத்தால் வேகம் கூடிவிடாது, சட்டைதான் இறுகும்.

போன மாதம் ஒரு மாணவர் போன் செய்தார். மகனுக்கு 15 வயது. பந்து போடும்போது இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் வலிக்கிறதாம். அகாடமியில் "பலம் பத்தலை, ஜிம்முக்கு அனுப்புங்க" என்றார்களாம். தாத்தா "வளர்ற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்றாராம். நான் ஒன்றுதான் கேட்டேன்: "பையன் வாரத்துக்கு மொத்தம் எத்தனை பந்து போடுறான்?" அவருக்குத் தெரியவில்லை. பையனிடம் கேட்டு எண்ணினோம். பள்ளி அணி, அகாடமி வலைப்பயிற்சி, சனிக்கிழமை கிளப் மேட்ச், ஞாயிறு டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஏழு நாளும் பந்து கையில். பள்ளியும் அகாடமியும் கிளப்பும் அவரவர் ஓவரை மட்டும் எண்ணுகிறார்கள். பையனின் முதுகுதான் மொத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது. எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் விரிசலின் ஆரம்பம். இப்போது பந்தைத் தொடாமல் ஓய்வில் இருக்கிறான். அந்த வலியோடு எடை தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வாத்தியாரின் வீட்டுப்பாடம்:

1. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை பந்து என்று பிள்ளையே எழுதட்டும். வலைப்பயிற்சியும் சேர்த்துத்தான். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பே வைத்திருக்கிறார்கள்.

2. பரீட்சை லீவு முடிந்து திரும்பும்போது முதல் வாரமே முழு வேகம் கூடாது. ஒரு மாதம் சும்மா இருந்த உடம்புக்குத் திடீர்ச் சுமைதான் எமன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பந்தைத் தொடாத நாள் இருக்கட்டும்.

3. தொடக்கத்தில் சொந்த உடல் எடையே போதும். தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, ஒற்றைக்காலில் நிற்பது, பிளாங்க், ஸ்கிப்பிங், ஓட்டம். நான் தண்டனையாகக் கொடுத்த தோப்புக்கரணம் இதற்கெல்லாம் உதவும் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு சேர்த்துக் கேட்டு வாங்கியிருப்பீர்கள்! எடை தூக்குவதென்றால் முறை தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

4. தூக்கமும் சாப்பாடும்தான் எலும்பைக் கட்டும். முட்டை, பால், கேழ்வரகு, சுண்டல், நிலக்கடலை போதும். டப்பாவில் விற்கும் பவுடரை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பெண் பிள்ளைகள் பந்து போடும் வீட்டில் இதை இரண்டு முறை படியுங்கள். அண்ணனுக்கு முட்டை, தங்கைக்கு மிச்சக் குழம்பு என்றால் எலும்பு எப்படித் தாங்கும்? ஜுலன் கோஸ்வாமி 39 வயது வரை வேகப்பந்து போட்டு ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்தவர். நம் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த உடம்பு சாத்தியம்.

5. கீழ் முதுகில் ஒரே பக்கமாக வலி, பந்து போடும்போது கூடுகிறது, சில நாளாகியும் போகவில்லை என்றால் அன்றே பந்து வீச்சை நிறுத்துங்கள். தைலம் தேய்த்து மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஆரம்ப விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் வலியை மறைப்பது டாக்டருக்குப் பயந்து இல்லை. "செலக்‌ஷன் போயிடுமே, அப்பா மூஞ்சி வாடிப் போயிடுமே" என்று நம்மைப் பார்த்துப் பயந்துதான் மறைக்கிறார்கள். 'வலிக்குதுப்பா' என்று தயங்காமல் சொல்ல முடிகிற வீடுதான் ஒரு வேகப்பந்து வீச்சாளனுக்கு முதல் பயிற்சிக் கூடம். செலக்‌ஷன் அடுத்த வருடமும் வரும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

இரண்டு கட்சிக்கும் பாதி மார்க் போட்டிருக்கிறேன். மறுகூட்டல் கேட்பவர்கள் கமெண்டில் வரலாம். உங்கள் பிள்ளைகள் இந்த வாரம் எத்தனை பந்து போட்டார்கள் என்பதையும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்