செடிக்குப் பெயர் வைத்தவர்கள்

வரப்போரத்தில் வெட்டுக்காயப்பூண்டு படர்ந்து கிடக்கும். ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்ட சொரசொரப்பான இலை, சாண் உயரக் காம்பு, நுனியில் ஒற்றைப் பூ, மஞ்சள் நடுவைச் சுற்றி வெளிறிய நாலைந்து இதழ். அரிவாள் பட்ட விரலில் இலையைக் கசக்கிச் சாறு விட்டவர்கள் வைத்த பெயர் அது. கிணற்று மேட்டில் பார்த்தவர்கள் கிணற்றடிப்பூண்டு என்றார்கள். காம்பை வளைத்துப் பூவைச் சுண்டித் தெறிக்கவிடும் பிள்ளைகளுக்குத் தாத்தாப்பூ. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி இது. சங்கப் பாட்டில் இதற்கு இடமில்லை. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் புலவர்கள் அல்லர், வயலில் நின்றவர்கள்.

பாடநூலுக்கு ஒரு பெயர் போதும். மற்றவை ‘வட்டார வழக்கு’ என்று ஒதுக்கப்படுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த அமெரிக்க மரம் கடல் கடந்து வந்ததை ‘சீமை’ சொல்லிவிடுகிறது. அதற்கே வேலிக்காத்தான் என்றும் பெயர். இன்று நீதிமன்றமே அகற்றச் சொல்லும் மரத்தை, ஆடு மாடு புகாமல் வெள்ளாமையைக் காக்க நம் ஆட்கள் விரும்பி வைத்த காலமும் இருந்தது. அந்த விருப்பத்துக்கு இந்தப் பெயர் சாட்சி.

ஒரே பெயருக்குள் பல செடிகள் ஒளிந்திருப்பதும் உண்மைதான். இலைகளுக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் கீழாநெல்லி. அதே சாயலுள்ள வேறு இனங்களும் அதே கட்டில் சேர்ந்து சந்தைக்கு வருகின்றன. மருந்து விஷயத்தில் இது விளையாட்டல்ல. ஆகவே தாவரவியல் பெயர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும், ஊர்ப் பெயரைத் தள்ளிவிட்டு அல்ல.

ஊர்ப் பெயரை மதித்த நூலுக்கு முன்மாதிரி உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்துஸ் மலபாரிகுஸ்’ செடிகளை மலையாளப் பெயரோடும் படத்தோடும் பதிந்தது. தொகுத்தவர் டச்சு ஆளுநர் வான் ரீட். தகவல் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரை, கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்திலேயே முதல் தொகுதியில் இருக்கிறது. யார் சொன்னார் என்பதும் அங்கே அறிவின் பகுதியாக மதிக்கப்பட்டது. நம் ஊர்களில் களை பறிக்கும் பெண்களிடம் கேட்டு எழுதிய பட்டியல்களில் அந்தப் பெண்களின் பெயர் எங்கே? களைக்கொல்லி வந்தபின் களைக்கு ஆள் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. ஒவ்வொரு செடியையும் கையால் பிடுங்கி அறிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து செடிகளின் ஊர்ப் பெயர்களுக்கெனப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். செடியின் பெயரோடு ஊர், செடி நின்ற மண், பூக்கும் மாதம், சொன்னவர் செய்யும் வேலை, அவர் சம்மதித்தால் அவர் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். பூவும் காயும் உள்ள கிளையொன்றைச் செய்தித்தாளுக்கு இடையே அழுத்திக் காயவைத்து அனுப்பினால் இனத்தைச் சரிபார்க்க உதவும். அதே செடிக்குப் பக்கத்துத் தெருவில் வேறு பெயர் இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.