சிற்றூர்க் காவலரும் சில்லறை அழைப்புகளும்

போலீஸ் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன தடியும் தொப்பியும், கள்வனைத் துரத்தும் ஓட்டமும், நீதிமன்றத்துக் கூண்டுமேயாம். நாவல்களும் சினிமாப் படங்களும் இவ்வெண்ணத்தை நாடோறும் வளர்த்து வருகின்றன. அமெரிக்க நாட்டுப் படங்களைக் கண்டு பழகிய நம் மாணவர் ஒருவரை நோக்கி, அந்நாட்டுக் காவலர் ஓர் இரவிற் செய்யும் வேலை யாதென வினவினால், கொலையும் கொள்ளையும் துப்பாக்கிச் சண்டையுமே விடையாக வரும். உண்மை வேறு. அவர் பெரும்பாலும் ஓயாது குரைக்கும் நாயைப்பற்றிய முறையீட்டை விசாரிக்கின்றார். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்ட அம்மையாருக்கு மோட்டார் வண்டியைத் திறந்து கொடுக்கின்றார். கட்டிலினின்று விழுந்த முதியவரைத் தூக்கி உட்காரவைக்கின்றார். இச்சில்லறை வேலைகளே அவரது உண்மைத் தொழில் என்பதும், இவற்றை அற்பமென்று இகழ்வதிலிருந்தே பெருந்தீங்குகள் விளைகின்றன என்பதும் எம் கருத்து.

அந்நாட்டு ஏற்பாட்டை முதற்கண் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டிற்போல மாகாணம் முழுமைக்கும் ஒரே போலீஸ் இலாகா ஆங்கு இல்லை. ஊருக்கு ஊர் தனித்தனி இலாகா உண்டு. சிறியனவும் பெரியனவுமாக நாடெங்கும் இவை ஏறத்தாழ 18,000. அவற்றுள் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் உரியவை ஏறத்தாழ 12,000. 2013-ஆம் ஆண்டு அரசாங்கத்தார் எடுத்த கணக்கின்படி இவற்றுட் பாதியளவில் முழுநேரக் காவலர் பத்துப்பேர்கூட இல்லை. பெருநகர்களைச் சூழ்ந்து கிடக்கும் குடியிருப்பூர்கள் பலவற்றின் நிலையும் இதுவே. பகலில் வேலைக்கு நகரஞ் சென்று, இரவில் உறங்கத் திரும்புவோர் வாழும் ஊர்கள் அவை. ஊரார் செலுத்தும் வீட்டு வரி காவலர் சம்பளத்துக்குப் பெரிதும் ஆதாரமாகும். நள்ளிரவில் இரண்டு மூன்று காவலரே வண்டியிற் சுற்றிக்கொண்டிருப்பர். அவ்வேளையில் ஊர் முழுவதிலும் விளக்கெரியும் அரசாங்க அலுவலகம், தீயணைப்பு நிலையம் நீங்கலாக, அவர்களுடையது ஒன்றேயாம்.

இவ்வூர்களின் வாரப் பத்திரிகைகள் பலவற்றில், போலீஸாருக்கு வந்த அழைப்புகளைத் தொகுத்து ஒரு பத்தி வெளியிடுவது நெடுநாள் வழக்கம். இன்ன தெருவில் நரியொன்று குப்பைத்தொட்டியைக் கிளறிற்று. இன்ன வீட்டில் நள்ளிரவுக்குப் பின்னும் இசைப்பெட்டி அலறிற்று. ஐயத்துக்குரியவர் ஒருவர் நிற்பதாகக் கூறப்பட்ட இடத்தில் பேருந்துக்குக் காத்திருந்த ஒருவரைக் காவலர் கண்டனர் என்றாற்போல அப்பத்தி நடக்கும். தலையங்கத்தைப் படியாதவரும் இதைப் படிப்பர். நகைத்துக்கொண்டே படிப்பர் என்பதும் உண்மை. ஆயினும் அப்பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்க்கு அவ்வூர் எதற்கு அஞ்சுகின்றது, அங்கே யார் தனித்து வாழ்கின்றார், அயலார் இருவர் எவ்வேலியைக் குறித்துப் பேச்சற்றுப் போயினர் என்பதெல்லாம் புலனாகும்.

இவ்வழைப்புகள் இத்துணைப் பெருகியதற்கு ஒரு காரணம் எளிதான எண்ணொன்று கிடைத்ததே. முன்னெல்லாம் ஊருக்கு ஓர் எண். அதையும் தேடியெடுத்தல் வேண்டும். நாடு முழுதுக்கும் ஒரே எண் வேண்டுமென்று 1967-இல் ஜனாதிபதியின் விசாரணைக் குழுவினர் கூறினர். 1968-ஆம் ஆண்டு பெப்ரவரி 16-ஆம் நாள் அலபாமா மாகாணத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 என்ற எண்ணுக்கு முதல் அழைப்புச் சென்றது. இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 24 கோடி அழைப்புகள் அவ்வெண்ணுக்கு வருவதாக மதிப்பிடுகின்றனர். தீக்கும் நோய்க்கும் களவுக்கும் என்று திறந்த கதவு, வேறு கதவு அறியாத எல்லாத் துன்பத்துக்கும் வாயிலாகிவிட்டது.

அறிஞர் இதனை முன்னரே கண்டனர். எலேன் கம்மிங் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் ஒரு நகரப் போலீஸ் நிலையத்துக்கு வந்த 801 அழைப்புகளை ஆராய்ந்து 1965-இல் எழுதினர். அவற்றுட் பாதியளவு, குடும்பச் சச்சரவும் உடல்நலக் குறைவும் தனிப்பட்ட துன்பமுமாகிய உதவி வேண்டலே. ஜேம்ஸ் வில்ஸன் என்பார் நியூயார்க் மாகாணத்து ஸிரக்யூஸ் நகரில் 1966-இல் ஒரு வாரத்து அழைப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, சட்டத்தைச் செலுத்திக் குற்றவாளியைப் பிடிக்கும் வேலைக்கு இடந்தருபவை பத்தில் ஒன்றே எனக் கண்டார். பெருங்குற்றம் அரிதாகிய குடியிருப்பூரில் அப்பத்தில் ஒன்றும் முழுதாக இராதென எண்ணுதல் பிழையாகாது.

எல்லா அழைப்புகளும் ஒரு நிறையின என்று யாம் கூறவில்லை. வீடுகளிற் பொருத்தியுள்ள கள்வர் எச்சரிக்கை மணிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றால் வரும் அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை பொய். காற்று கதவை அசைத்திருக்கும்; பூனை குறுக்கே ஓடியிருக்கும்; வீட்டுக்காரரே இரகசிய எண்ணை மறந்திருப்பார். மணி விற்ற கம்பெனிக்கு இலாபம், ஓடுவது ஊர்ப் பணத்தில் காவலர் வண்டி. அடிக்கடி பொய் மணிக்கு அபராதம் விதிக்கும் ஊர்கள் செய்வது முற்றும் நியாயமே.

ஆனால் நலம் விசாரித்துவரும் அழைப்பு அத்தன்மையதன்று. தொலைவான ஊரிலிருக்கும் மகள், மூன்று நாளாகத் தாய் டெலிபோனை எடுக்கவில்லை, சென்று பார்க்கவேண்டும் என்று வேண்டுகின்றாள். அக்குடியிருப்பூர்களின் அமைப்பை எண்ணிப்பாருங்கள். நம் தெருக்களிற்போலத் திண்ணையில்லை. வீட்டுக்கு வீடு புல்வெளி விரிந்து கிடக்கும். வண்டி நேரே கொட்டகைக்குள் நுழைய, கதவு தானே மூடும். பத்தாண்டு அடுத்தடுத்து வாழ்ந்தும் பெயரறியாதவர் உளர். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிப் பார்க்கும் பணியை அவ்வூர் சம்பளம் கொடுத்துக் காவலரிடம் ஒப்புவித்திருக்கின்றது என்றே சொல்லவேண்டும். கதவைத் தட்டும் அவர் சிலபோது நல்ல தேநீர் பெறுவார். சிலபோது பிணத்தைக் காண்பார். பாஸ்டன் நகரையடுத்த குவின்ஸி ஊர்க் காவலர், அபின்வகை மருந்தை மிகையாக உட்கொண்டு மூச்சடங்கிக் கிடப்பாரை மீட்கும் நலாக்ஸோன் என்னும் மருந்தைச் சுற்றுக்காவல் செல்லும் ஒவ்வொருவரும் உடன்கொண்டு செல்லவேண்டுமென்று 2010-இல் விதி செய்துகொண்டனர். அந்நாட்டில் இதனை முதலிற் செய்தவர் அவரே. மூக்கில் மருந்து தெளித்துப் போன உயிரைத் திருப்புவது எச்சட்டப் பிரிவில் அடங்கும்? ஆயினும் அது காவற்றொழில் அன்றென யார் கூறுவார்?

நலம் விசாரிப்பதற்கும் எல்லை உண்டு. ரோட் ஐலண்டு மாகாணத்துக் கிரான்ஸ்டன் என்னும் ஊரில், 2015-இல், இரவு பிணங்கிச் சென்ற மனைவி மறுநாட் காலை கணவரோடு பேச இயலாமையாற் கவலையுற்றுப் போலீஸாரை அழைத்தார். சென்ற காவலர் அவரை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, வாரண்டு இல்லாமலே வீட்டினுட் புகுந்து அவர் துப்பாக்கிகளை எடுத்துச் சென்றனர். வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறியது. 2021 மே மாதத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனப்பட்டு, பாதுகாப்பு நோக்கம் ஒன்றே வீட்டினுட் புகும் உரிமையைத் தாராதெனத் தீர்த்தனர். அன்பு காட்டச் சென்றவர்க்கும் வாயிற்படி வாயிற்படியேயாம். இத்தீர்ப்பை யாம் வரவேற்கின்றோம்.

இனி, இவையெல்லாவற்றினும் வேதனை தருவதும், நம்மவர் கருதவேண்டியதுமாகிய செய்தியொன்று. அலபாமா மாகாணத்தில் ஹன்ட்ஸ்வில் நகரையடுத்து மாடிஸன் என்னும் குடியிருப்பூர் உளது. 2015-ஆம் ஆண்டு பெப்ரவரி 6-ஆம் நாட் காலை, தாம் முன்பு கண்டறியாத ஒருவர் வீடுகளின் அருகே நடமாடுவதாக அவ்வூரார் ஒருவர் போலீஸாருக்குத் தெரிவித்தார். அபாய எண்ணைக்கூட அவர் அழைக்கவில்லை. சாதாரண எண்ணையே அழைத்தார். இதனினும் சில்லறையான அழைப்பு உண்டோ? நடந்து சென்றவர் குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து, பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவிய 57 வயதினர். ஆங்கிலம் தெரியாது என்பதைத் தமக்குத் தெரிந்த இரண்டொரு சொல்லாற் சொன்னார். சில நிமிடங்களுக்குள் காவலர் ஒருவர் அவரைத் தரையில் வீழ்த்த, தண்டுவடம் பாதிக்கப்பட்டு அவர் உடல் செயலற்றது. மாகாண கவர்னர் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். காவலர்மேல் நடந்த விசாரணை இருமுறையும் ஜூரர் ஒன்றுபடாமையால் முடிவுறாது போக, 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்தார். 2021-இல் 17½ லட்சம் டாலர் நஷ்டஈட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

தம் மக்களோடு சில மாதம் தங்கிவர அந்நாடு செல்லும் பெற்றோர் நம் ஊர்களிலும் எத்தனையோ பேர்! காலையிற் காலார நடப்பது அவர்கள் வழக்கம். நடப்பவரே இல்லாத தெருவில் நடப்பவர் ஐயத்துக்குரியவராகின்றார். அதிலும் நிறம் வேறாயின் சொல்லவேண்டுவதில்லை. இங்கே பிழை காவலரோடு நிற்கவில்லை என்பது எம் துணிபு. அழைத்தவர் கண்டது என்ன? ஒரு மனிதர் நடந்தார் என்பதே. அச்சம் என்னும் கண்ணாடி வழியே அது வேறாயிற்று. அழைப்பைக் கேட்பவர், அவர் செய்வதென்ன, கையில் யாதேனும் உண்டோ, எவரையேனும் அச்சுறுத்தினாரோ என்று மேலும் இரண்டு கேள்வி கேட்டு, விடையை உள்ளபடி காவலருக்குச் சொல்வாராயின், வண்டியினின்று இறங்குபவர் வேறு மனத்தோடு இறங்குவார். இரவெல்லாம் டெலிபோன் முன் அமர்ந்திருக்கும் இவ்வூழியரை ஊரார் கண்ணாற் கண்டதுமில்லை. அவர் சம்பளத்தை உயர்த்தப் பேசுவாருமிலர். தடி சுழற்றப் பயிற்றுவதற்குச் செலவிடும் பொழுதிற் பாதியையாவது இக்கேள்விகளைப் பயிற்றுவதற்குச் செலவிடலாகாதோ?

சில்லறை அழைப்பை அற்பமென எண்ணும் இலாகா வேறொரு வழியிலும் கெடும். மிஸ்ஸூரி மாகாணத்தில் ஸெயின்ட் லூயிஸ் நகரின் புறத்தேயுள்ள பெர்கஸன் ஊரில் 2014 ஆகஸ்டு 9-ஆம் நாள் மைக்கேல் பிரௌன் என்னும் இளைஞர் சுடப்பட்டிறந்தார். அதன்பின் மத்திய நீதி இலாகாவினர் அவ்வூர்ப் போலீஸை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டனர். அவ்வாண்டு ஊரார் எதிர்பார்த்த பொது வருமானம் ஏறத்தாழ 1 கோடியே 32 லட்சம் டாலர். அதில் 30 லட்சத்துக்கு மேற்பட்டது அபராதமும் கட்டணமுமாக வரவேண்டியது! தெருவில் நடந்த முறை தவறென்றுகூட வழக்குத் தொடர்ந்தனர். கதவைத் தட்டி நலம் கேட்கும் காவலரால் ஊர்க் கஜானாவுக்கு ஒரு காசும் வாராது. சீட்டுக் கிழித்துக் கொடுப்பவரால் வரும். எதனைக் கணக்கிட்டுப் பாராட்டுகின்றோமோ அதுவே பெருகும்.

இவ்வேலைகளையெல்லாம் துப்பாக்கி ஏந்தியவரிடமிருந்து அறவே பிரித்து, மருத்துவரிடமும் சமூக ஊழியரிடமும் கொடுத்துவிடலாம் என்பார் உளர். மனநோயாளரைக் குறித்த மட்டில் அவர் கூற்றில் நியாயம் மிகுதி. தற்கொலை எண்ணமுற்றார்க்கென 988 என்னும் தனி எண் 2022 ஜூலையில் ஏற்பட்டது நன்று. ஆரிகன் மாகாணத்து யூஜீன் நகரில் 1989 முதல் மருத்துவ உதவியாளரும் மனநலங் காப்பாரும் வண்டியிற் சென்று இத்தகைய அழைப்புகளைத் திறம்படக் கவனித்து வந்தனர். அப்பணி 2025-இல் அந்நகரில் நின்றுவிட்டது. பெருநகரத்துக்கே அரிதான இதனை, பத்துக் காவலருக்குச் சம்பளங் கொடுக்க முட்டுப்படும் ஊர் எங்ஙனம் தனியே நடத்தும்? பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள பிரேமிங்ஹாம் ஊரார் 2003-இல் கண்ட வழியே எமக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. ஆங்கு மனநலப் பயிற்சி பெற்ற ஊழியர் காவலருடன் ஒரே வண்டியிற் செல்கின்றார். சிறைக்கு அனுப்பத்தக்கவரல்லாதாரைச் சிகிச்சைக்கு அனுப்புகின்றார். காவலரும் அவ்வூழியர் பேசும் முறையைக் கண்டு கற்கின்றார்.

இலாகாத் தலைவர்கள் ஆண்டுதோறும் ஊர்ச் சபைக்கு அளிக்கும் அறிக்கைகளிற் கைது இத்தனை, அபராதச் சீட்டு இத்தனை, மீட்ட பொருள் இத்தனை என்று காண்கின்றன. அவற்றோடு இன்னொரு பத்தியும் இருத்தல் வேண்டும்: நலம் விசாரித்த வீடுகள் இத்தனை, தூக்கி உட்காரவைத்த முதியோர் இத்தனை, ஐயத்துக்குரியவரென அழைக்கப்பட்டு ஐயத்துக்கு இடமில்லாதவராகக் கண்டவர் இத்தனை. இக்கடைசி எண்ணை அழைத்தவர்க்கும் ஒரு கடிதமாக எழுதியனுப்பினாற் செலவு ஒரு தபாற் றலையே.