பால்மா அனுப்பிய வங்கிக்காரர்



2008 இல் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் முறிந்து விழுந்த செய்தி உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருவரைப் பற்றித்தான் இம்முறை சொல்லப் போகிறேன்.

ஹேர்பர்ட் லீமன் 1878 இல் நியூயோர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1908 இல் குடும்ப நிறுவனத்தின் பங்காளியானார். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் 1928 தேர்தலில் நின்று நியூயோர்க் மாநிலத்தின் துணை ஆளுநரானார். 1933 முதல் ஆளுநர். தொழிலிழந்தோர் பெருகிக் கிடந்த காலம் அது.

உலக யுத்தத்தின் நடுவே, 1942 டிசம்பரில், பதவிக்காலம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போதே நிவாரணப் பணிக்காக அப்பதவியை விட்டு விலகினார். மறுவருடம் நவம்பரில் 44 நாடுகள் கூடி ஒரு நிவாரண, புனர்வாழ்வு நிர்வாகத்தை அமைத்தன. அதன் தலைமை அவரிடம் வந்தது. எதிரியின் பிடியில் சிக்காத நாடுகள் ஒரு வருட வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றைக் கொடுப்பதென்று ஏற்பாடு. அந்தப் பணம் கோதுமையாய், மருந்தாய், பால்மாவாய், ஏன், கறவை மாடாய்க்கூடக் கப்பலேறியது.

அகதிகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் வியப்பீர்கள். எகிப்தின் எல் ஷத் பாலைவனத்தில், யூகோஸ்லாவியாவிலிருந்து தப்பி வந்த தாய்மாரும் பிள்ளைகளும் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். காஸாவின் நுஸைராத்தில் கிரேக்கர்கள். பிரித்தானியர் அமைத்திருந்த இந்த முகாம்களை 1944 மே மாதம் லீமனின் நிர்வாகம் பொறுப்பேற்றது. ஐரோப்பியர் அகதிகளாகி, அரபு மண்ணில் ஒதுங்கிய காலமும் ஒன்று இருந்தது! அதே நுஸைராத்தில்தான் 1948 இல் வீடிழந்த பலஸ்தீனர்கள் வந்து கூடாரமடித்தார்கள். பின்னாளில் அமெரிக்க செனட் சபையில் லீமன் இஸ்ரேலை ஆதரித்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த முகாமின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

லீமனும் மனைவி ஈடித்தும் மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். மூத்தவர் பீட்டர், யுத்த விமானி. 1944 இல், தந்தை ஊரார் பிள்ளைகளுக்கு உணவு தேடிக்கொண்டிருந்த நாட்களில், இங்கிலாந்தில் விமான விபத்தில் இறந்துபோனார். அறுபத்தைந்து வயது கடந்த மனிதர். எல்லாவற்றையும் விட்டு வீட்டோடு இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? 1946 மார்ச் வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

1949 முதல் 1957 வரை செனட் சபை உறுப்பினர். எதிர்த்தவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று பழிசுமத்திய மக்கார்த்திக்கு, பலர் வாய்மூடி இருந்த வேளையில், முகத்துக்கு நேரே பதில் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

1963 டிசம்பர் 5 ஆம் திகதி, நாட்டின் உயர்ந்த பதக்கத்தைப் பெற வொஷிங்டன் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருக்கையில், நியூயோர்க் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.