சிறை மாநிலப் பொருள். சிறைக்குள் சாதி யாருடைய பொருள்?

சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாம் வரவேற்றோம். பத்திரிகையாளர் ஒருவர் 2020இல் எழுதிய புலனாய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கிய வழக்கு அது. சிறைக் கையேடுகளில் சாதியின் பேரால் வேலையைப் பிரிக்கும் விதிகள் அரசியலமைப்பின் 14, 15, 17, 21, 23 ஆகிய உறுப்புகளுக்கு முரணானவை என்று நீதிபதிகள் சந்திரசூட், பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு அறிவித்தது. தீண்டாமை ஒழிப்பைப் பேசும் 17ஆம் உறுப்போடு, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் உறுப்பையும் நீதிமன்றம் சேர்த்துப் படித்ததை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கழிப்பறை கழுவும் வேலையைப் பிறப்பின் பேரால் ஒருவர் தலையில் கட்டுவது இழிவு மட்டுமன்று, உழைப்புக் கொள்ளையும்கூட என்பது அதன் பொருள்.

அந்த விதிகள் என்ன கூறின என்பதை ஒருமுறையேனும் பொறுமையாகப் படிக்க வேண்டும். மேற்கு வங்கச் சிறை விதித்தொகுப்பின் 741ஆம் விதி, உணவைத் தகுந்த சாதியைச் சேர்ந்த கைதிகளே சமைத்து அறைகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்றது. 793ஆம் விதி, துப்புரவு வேலைக்கு மேத்தர், ஹரி, சண்டாளர் எனச் சாதிகளைப் பெயர் சொல்லியே அடுக்கியது. 404ஆம் விதி, நாடோடிப் பழங்குடியினர் தப்பியோடும் இயல்புடையவர்கள் என்று கருதி அவர்களை இரவுக் காவல் பொறுப்பிலிருந்து விலக்கியது. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1952இலேயே ஒழிக்கப்பட்டது. அதன் மூச்சு மட்டும் இந்த வரியில் ஓடிக்கொண்டிருந்தது. உத்தரப் பிரதேசக் கையேடோ, கடுங்காவல் அல்லாத தண்டனை பெற்றவரை இழிந்த வேலைக்கு அழைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அத்தகைய வேலைக்குப் பழக்கப்பட்ட சமூகத்தினராக இருந்தால் அழைக்கலாம் என்று விலக்கும் அளித்தது. இது ஆங்கிலேயர் காலத்து ஏட்டில் மறந்துபோய்க் கிடந்த வரி என்று நினைத்துவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டுக் கையேட்டிலும் அது இருந்தது. ஓர் அதிகாரி அதைத் தட்டச்சு செய்தார், இன்னொருவர் சரிபார்த்தார், மூன்றாமவர் கையொப்பமிட்டார் என்பதுதானே இதன் பொருள்?

இந்த இடத்தில்தான் ஒன்றிய உள்துறையின் பங்கைக் கேட்க வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் நான்காம் பதிவில் சிறை இடம்பெற்றிருக்கிறது. ஆகவே சிறை குறித்து எந்தக் கேள்வி எழுந்தாலும் தில்லியிலிருந்து வரும் முதல் பதில், அது மாநிலப் பொருள் என்பதே. நீதிபதி முல்லா தலைமையிலான குழு (1980-83) சிறையைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றப் பரிந்துரைத்தது, அது நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவும் இல்லை. மாநில உரிமை நமக்கும் வேண்டியதே. ஆனால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும்போது மட்டும் அந்த உரிமையை மேற்கோள் காட்டுவதை ஏற்க முடியாது.

ஏனெனில் தில்லி சிறைக்கு வெளியே நிற்கவில்லை. 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே ஒட்டுமொத்த நாட்டுக்குமான அடித்தளமாக இருந்து வந்தது. 2016இன் மாதிரிச் சிறைக் கையேட்டை எழுதியது ஒன்றிய உள்துறை. 2023இன் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை வரைந்து மாநிலங்களுக்கு அனுப்பியதும் அதுவே. கைதிகளின் விவரங்கள் பதிவாகும் இ-பிரிசன்ஸ் மென்பொருள் தேசியத் தகவலியல் மையத்தின் ஆக்கம். ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரத்தை வெளியிடுவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். மென்பொருள் ஏதோ ஒரு தாலுகா ஊரின் கிளைச்சிறை வரை சென்று சேர்ந்துவிடுகிறது. சமத்துவம் மட்டும் சென்று சேர்வதில்லை.

2016இன் மாதிரிக் கையேடு, சாதி அடிப்படையில் சமையற்கூடம் நடத்துவதைத் தடை செய்திருந்தது. அதே காலத்தில் மேற்கு வங்கத்தின் 741ஆம் விதி தன் இடத்தில் அசையாமல் இருந்தது. 2023இன் மாதிரிச் சட்டமோ சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து ஒரு வரிகூடப் பேசவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. வழக்கு நிலுவையில் இருந்த 2024 பிப்ரவரியில் உள்துறை மாநிலங்களுக்கு ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்பியது. தீர்ப்புக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், மாதிரிக் கையேட்டிலும் மாதிரிச் சட்டத்திலும் சாதிப் பாகுபாட்டுத் தடையைச் சேர்த்தது. நல்லது. ஆயினும் மாதிரி என்பது மாதிரிதான். அதை ஏற்பதும் திருத்துவதும் மாநிலத்தின் கையில். அதன்படி நடப்பது, சிறைக் கண்காணிப்பாளருக்கும் கீழே, பிளாக்கில் வேலை பிரித்துக் கொடுக்கும் தலைமைக் காவலரின் வாயில்.

2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நாட்டில் 1,330 சிறைகள் உள்ளன. அவற்றில் 574 கிளைச்சிறைகள். அடைக்கப்பட்டிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர், சிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருக்கிறார்கள். இத்தனையையும் எண்ணுகிற காப்பகம், யார் சமைக்கிறார், யார் கழிப்பறை கழுவுகிறார் என்பதை எண்ணுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் எனச் சாதிவாரியாகக் கைதிகள் பிரித்து அடைக்கப்படுவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டபோது, மோதலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்ற நிர்வாகத்தின் விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2024இல் அந்த வாதத்தை நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை, அதற்குச் சாதிச் சுவர் வழியாகாது என்றது. அமெரிக்காவில் நிறப் பிரிவினையை நியாயப்படுத்தச் சொல்லப்பட்ட, தனித்தனி ஆனால் சமம் என்ற வாதத்தோடு இதை ஒப்பிட்டது.

இதில் நாம் எளிதாக வெற்றி முழக்கமிட முடியாது. 2021 ஏப்ரலில் இதே பாளையங்கோட்டைச் சிறையில், விசாரணைக் கைதியான ஓர் இளைஞர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். தென்மாவட்டங்களில் மகன் சிறைக்குப் போகும்போது, யாரோடு அடைக்கிறார்கள் என்பதே தலித் தாய் கேட்கும் முதல் கேள்வி. தன் பிள்ளை தன் ஆட்களோடு இருந்தால் உயிரோடு திரும்புவான் என்று அவர் நம்புவதைச் சாதியவாதம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அந்த அச்சம் உண்மையானது. ஆனால் அந்த அச்சத்தையே நிர்வாகம் தன் வசதிக்கான சான்றிதழாக மாற்றிக்கொள்கிறது. பகையுள்ள இருவரைப் பிரித்து வைப்பது காவல். பகையறியாத இருநூறு பேரைப் பிறப்பைப் பார்த்துப் பிரிப்பது சேரி அமைத்தல். முன்னதற்கு ஒவ்வொரு கைதியின் வழக்கையும் பகையையும் தனித்தனியே ஆராய வேண்டும், போதிய காவலர்கள் வேண்டும். பின்னதற்குச் சாதி தெரிந்தால் போதும்.

சாதி எப்படித் தெரிகிறது? பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியையும் சாதிக் குறிப்புகளையும் நீக்க வேண்டும் என்பது தீர்ப்பின் கட்டளைகளுள் ஒன்று. தெற்கத்தி ஊர்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பத்தி தேவையே இல்லை. அனுமதியின்போது ஊரையும் தெருவையும் கேட்டால் மீதி தானாக விளங்கிவிடும். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் எஞ்சியதைச் சொல்லிவிடும். அதே வேளையில், பத்தி நீங்கிய பிறகு, துப்புரவுக்கு அனுப்பப்படுபவர்கள் எல்லோரும் ஒரே சமூகத்தினர் என்பதை எந்த ஏட்டைக் காட்டி நாம் மெய்ப்பிப்போம் என்ற சங்கடமும் உண்டு. வேலை ஒதுக்கும் மேசையில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது. தொகுப்பு நிலையில், பெயரின்றி, சமூகவாரிக் கணக்கு தொடர்ந்து வெளிவர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இயலும். காப்பகம் அந்தக் கணக்கில் வேலை ஒதுக்கீட்டையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் இணைந்து ஆய்வு நடத்திப் பாகுபாடு நீடிக்கிறதா என்று அறிக்கை தர வேண்டும் என நீதிமன்றம் பணித்திருக்கிறது. தீர்ப்பின் உயிர் இந்தக் கட்டளையில்தான் இருக்கிறது. வார்டன் அருகில் நிற்க, ‘இங்கே சாதி பார்க்கிறார்களா?’ என்று கேட்டால் எந்தக் கைதியும் இல்லையென்றே சொல்வார். ஆய்வுக்கு வருபவர்கள் முன்னறிவிப்பின்றி வர வேண்டும். கைதிகளைத் தனியே சந்திக்க வேண்டும். சமையற்கூடத்தில் நிற்பவர்களையும் துடைப்பம் பிடித்திருப்பவர்களையும் பார்த்து, இந்த வேலைக்கு உங்களை அனுப்பியது யார், எத்தனை நாளாக, கூலி பதிவாகிறதா என்று கேட்க வேண்டும். பார்வையாளர் குழுவில் தலித்துகளும் சீர்மரபினரும் இடம்பெற வேண்டும். மத்தியச் சிறைகளோடு நின்றுவிடாமல், ஊடகமும் வழக்கறிஞரும் அரிதாக எட்டிப்பார்க்கும் கிளைச்சிறைகளுக்கும் அவர்கள் செல்ல வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் அத்தகைய ஆய்வு நடந்ததா, எந்தெந்தக் கிளைச்சிறைகளில், எந்தத் தேதியில், அறிக்கையில் என்ன எழுதப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய்.