பிரிக்கப்படாத ஒரு கடிதம்



இம்மாதம் இப்பகுதியில் கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர்க்கு உதவும் சில புகைவண்டிச் செய்திகளை எழுதுவதாக இருந்தோம். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தோம். தைப் பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பிய பின் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் குடும்பச் செய்தி ஒன்றை எழுதத் துணிந்தோம். சொந்தக் கதை என்று வெறுத்துவிட வேண்டா. தூர தேசத்தில் பிழைக்க வந்த நம்மில் பலருடைய வீட்டிலும் இதற்கு ஒப்பானதொரு கதை இருக்கக்கூடும்.

நம் பாட்டியார் சென்ற ஆண்டு காலமானார். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள சிற்றூரில் அவர் வாழ்ந்த வீட்டைத் துப்புரவு செய்தபோது, பரண்மேல் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. உள்ளே 214 கடிதங்கள். அத்தனையும் பாட்டனார் எழுதியவை. அஞ்சலட்டைகள், உள்நாட்டுக் கடிதங்கள், மணியார்டர் பாரத்திலிருந்து கிழித்தெடுத்த சிறு துண்டுகள் என வகைவகையாக நூலால் கட்டப்பட்டிருந்தன. பாட்டியார் எழுத்தறியாதவர். ஆயினும் எந்தக் கட்டில் எது இருக்கிறதென்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

பாட்டனார் 1953-ல் கரக்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தவர். 1990-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். நமக்குத் தெரிந்த பாட்டனார் அதிகம் பேசாத முதியவர். திண்ணையில் அவரும் நம் தந்தையாரும் அமர்ந்திருப்பார்கள். இடையில் நாளிதழ் கிடக்கும். ஒருவர் படித்து முடித்த தாளை மற்றவர் எடுத்துக்கொள்வார். பேச்சு மட்டும் இராது. அஃது அவர்கள் சுபாவம் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தோம்.

நிற்க. கடிதங்களில் நாம் கண்ட மனிதர் வேறு. வங்காள நாகபுரி ரயில்வேயின் பெயர் 1952-ல் கிழக்கு ரயில்வே என்றும், 1955 ஆகஸ்டு முதல் தென்கிழக்கு ரயில்வே என்றும் மாறியது. அவரோ 1960 வரையில் முகவரியில் "பி. என். ஆர்." என்றே எழுதி வந்தார். 1957 ஏப்ரலில் நயா பைசா வழக்குக்கு வந்தபோது, "ரூபாய்க்கு 16 அணா போய் 100 காசு ஆயிற்று. கடைக்காரன் கணக்கை அம்மா ஒருமுறைக்கு இருமுறை கேட்டு வாங்கவும்" என்று எச்சரித்திருக்கிறார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட செய்தி கேட்டு, நம் ஊர் எங்கே, தனுஷ்கோடி எங்கே என்று எண்ணாமல், ஒரே வாரத்தில் மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு கடிதமும் "இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடம் சுகத்திற்கு எழுதவும்" என்றே தொடங்குகிறது. அவர் இருந்ததோ ஒற்றை அறையில், தனியராக. அந்த "அனைவரும்" யார் என்று எண்ணியபோது நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் தனியே சுற்றிய உள்நாட்டுக் கடிதம் ஒன்று இருந்தது. 1974 ஜூன் மாதத்து முத்திரை. நம் தந்தையார் பெயருக்கு எழுதப்பட்டது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

அதைத் தந்தையாரிடம் நீட்டினோம். நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதுவரை சொல்லாத செய்தியைச் சொன்னார்.

1974 மே 8-ஆம் நாள் தொடங்கி மூன்று வாரம் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பெரியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஊதியம், போனஸ், வேலை நேரம் முதலிய கோரிக்கைகளுக்காக நாடு முழுவதும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். பிரதேச சேனையைக் கொண்டு அரசாங்கம் சில வண்டிகளை ஓட்டியது. அந்த நாட்களில்தான் பாட்டனாரின் தாயார் காலமானார். தந்தி போயிற்று. 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளவர் அன்றே வந்து முகத்தில் விழிக்க இயலாதென்பது எல்லோர்க்கும் தெரியும். ஆனால் பதினாறாம் நாள் காரியத்திற்கும் அவர் வரவில்லை. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். இளைய மகனாகிய பாட்டனார் இல்லாமையால், அப்போது பதினாறு வயதினரான நம் தந்தையார் கொள்ளிக்குடம் சுமந்தார். "பெற்ற தாய்க்கு வராதவன்" என்று ஊரார் பேசிய பேச்சையும் அவரே சுமந்தார்.

ஜூன் மாதம் இக்கடிதம் வந்தது. அதுவரை பாட்டியாருக்குக் கடிதங்களைப் படித்துக் காட்டி வந்தவர் தந்தையார்தாம். இதைப் பிரிக்கமாட்டேன் என்று முற்றத்தில் எறிந்துவிட்டாராம். பாட்டியார் ஒன்றும் பேசாமல் எடுத்து வைத்தார். அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் செய்திருக்கலாம். செய்யவில்லை. மகனுக்கு எழுதிய கடிதத்தை மகனே பிரிக்கட்டும் என்று ஐம்பதாண்டுகள் வைத்திருந்தார்.

தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரத்தைப் பேனாக்கத்தியால் மெல்லக் கீறினார். வேலைநிறுத்தத்தால் வண்டியில்லை என்ற விளக்கம் உள்ளே இருக்கும், பாட்டனார் மேல் பிழையில்லை என்று ஆகிவிடும் என்று நாம் எதிர்பார்த்தோம். கடிதம் அவ்வாறு இல்லை. தந்தையாரின் இசைவோடு ஒரு பகுதியை இங்கே தருகிறோம்:

"சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். வண்டியே ஓடவில்லை என்று எழுதினால் நீ நம்புவாய், ஊரும் நம்பும். அது பொய். பட்டாளத்தார் ஓட்டும் வண்டி ஒன்று மதராஸ் பக்கம் போவதாகத் தெரிந்தது. கூட இருப்பவர்களே, பெற்றவள் காரியம், போய் வா, யார் உன்னைக் குறை சொல்லப் போகிறார்கள் என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு நடைமேடை வரை போனேன். வேலைக்குப் போக இருந்த நாலு பேரைக் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். அதில் ஒருவன் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. அவனை நிறுத்திவிட்டு நான் மட்டும் அந்த வண்டியில் ஏறக் கால் வரவில்லை. திரும்பி அறைக்கு வந்துவிட்டேன். நான் செய்தது சரியா, தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் இடத்தில் நீ நின்றதாக அண்ணா எழுதியிருந்தார். குடம் கனத்திருக்கும். தோள் வலித்ததா, தம்பி?"

தந்தையார் முதலில் மனத்துக்குள் படித்தார். பிறகு, யாருக்கோ படித்துக் காட்டுவதுபோல் உரக்கப் படித்தார். பாட்டியாருக்கு அவ்வாறுதான் படிப்பாராம்.

"அன்றே பிரித்திருந்தால் மனத்தாங்கல் தீர்ந்திருக்குமா?" என்று கேட்டோம்.

"தீர்ந்திராது. கோபம் இன்னும் மிகுந்திருக்கும். பதினாறு வயதில் இது விளங்காது" என்றார். சற்றுக் கழித்து, "நாற்பது வயதில் விளங்கியிருக்கும். அப்போது அவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்" என்றார். மேற்கொண்டு அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பாட்டனார் செய்தது சரியென்று தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. நாமும் ரயில்வேயில் எழுத்தராக இருப்பவர். அந்த நடைமேடையில் நின்றிருந்தால் ஏறியிருப்போமா, திரும்பியிருப்போமா என்று பல இரவுகள் எண்ணிப் பார்த்தோம். விடை கிடைக்கவில்லை. ஆனால் எளிதில் மன்னிப்புத் தரக்கூடிய ஒரு பொய் கையில் இருந்தும், அதை அவர் தம் மகனுக்கு எழுதவில்லை. அந்த ஒன்று நமக்குப் போதும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியில்லாத கடிதங்களை அஞ்சல் முத்திரை கொண்டு வரிசைப்படுத்துங்கள். 1972-ல்தான் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. முகவரியில் அவ்வெண் இருப்பின் அதற்குப் பிற்பட்டதென்று கொள்ளலாம். கிழிந்த இடங்களில் பசைநாடா ஒட்டவேண்டா. அது நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அக்கையெழுத்தைப் படிக்கக்கூடிய முதியவர் இருக்கும்போதே அவரை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். நாம் ஓராண்டு தாமதித்துவிட்டோம்.

மஞ்சள் துணியில் அக்கடிதத்தை மறுபடி சுற்றிப் பெட்டியில் வைக்கப் போனோம். தந்தையார் தடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புகைவண்டிச் செய்திகளை அடுத்த இதழில் எழுதுகிறோம்.