குறைவு அல்ல, கொந்தளிப்பு

‘எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் வீசிங் வரும்; கஷாயம் போதும், இன்ஹேலர் பழக்கமாகிவிடும்’ என்று சென்னைப் புறநகரான பட்டாபிராமில் இன்னும் சொல்கிறார்கள். ஏற்க முடியாது. ஒவ்வாமை ஆஸ்துமாவில் நடப்பது நேர்மாறு: மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியைக்கூட எதிரியாக எண்ணி உடல் கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பில் இன்டர்லூக்கின்-4 என்னும் சமிக்ஞைப் புரதம் ஐஜிஇ எதிர்ப்பொருளைப் பெருக்கத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-5 இயோசினோஃபில் அணுக்களை வளர்க்கிறது. இன்டர்லூக்கின்-13 சளியைக் கூட்டுகிறது, மூச்சுக்குழாயை எளிதில் சுருங்க வைக்கிறது. இந்தச் சமிக்ஞைப் புரதங்களின் உற்பத்தியைத்தான் ஸ்டீராய்டு இன்ஹேலர் அடக்குகிறது. திணறும்போது மட்டும் இழுக்கும் சால்பியூட்டமால் அடக்குவதில்லை. இன்டர்லூக்கின்-5ஐ மறிக்கும் மெபோலிசுமாப் மருந்து 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை நமக்கு எட்டாது, ஸ்டீராய்டு இன்ஹேலர் எட்டும். சி.டி.எச். சாலைப் புழுதியில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமிருந்து இன்ஹேலரைப் பிடுங்காதீர்கள்.