நலம் விசாரிக்க வருபவர் போல

மருத்துவமனையில் சில நாள்கள் தங்கியவர்களுக்கு நல்ல பார்வையாளர் யார் என்பது தெரியும். எப்போது வரலாம் என்று முன்கூட்டிக் கேட்பவர், கைகழுவிய பின் படுக்கையை நெருங்குபவர், எதுவும் வேண்டாம் என்றால் வெறுங்கையோடு வரத் தயங்காதவர், சிறிது நேரம் அமர்ந்துவிட்டு எழுந்து செல்பவர். நலம்பெற்று வீடு திரும்பியவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் விலங்குப் பாதுகாப்பகம் ஒன்றுக்குத் தொண்டு செய்யச் செல்ல எண்ணினால், இதே ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

அவ்வெண்ணம் மிக இயல்பானது. பல வாரங்கள் பிறர் உதவியால் எழுந்து நடந்தவர்களுக்கு, இனித் தாமும் ஓர் உயிருக்குப் பயன்பட வேண்டும் என்று தோன்றும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கு இடங்களும் உள்ளன. ஆனால் தொண்டு என்றதும் பலர் நினைப்பது விலங்குக்கு உணவூட்டுவதையும் அதைத் தடவிப் பார்ப்பதையும் அருகில் நின்று படம் எடுப்பதையும்தான். இவற்றால் மகிழ்வது நாம்; விலங்குக்கு இவை தேவையில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். அழிவின் விளிம்பில் நின்ற இந்திய முதலை இனங்களைக் காக்க, ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976ஆம் ஆண்டில் இதை நிறுவினர். வாயைத் திறந்தபடி வெயிலில் அசையாது கிடக்கும் முதலை தன் உடல்வெப்பத்தைச் சீர்செய்துகொண்டிருக்கிறது. அது பொம்மையோ என்று ஐயுற்றுக் கல்லெறிபவர்கள் எந்த விலங்குக் காட்சிச்சாலைக்கும் வரக்கூடும். அத்தகையோரிடம் இனிமையாக எடுத்துச் சொல்லித் தடுக்கும் ஒருவர் தடுப்புச் சுவரின் அருகே நின்றால், அது முதலைக்கு உண்மையிலேயே பயன்படும். அதற்கு முதலையைத் தொட வேண்டியதில்லை.

மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு அவ்விடத்தோடு இன்னோர் உறவும் உண்டு. 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. வனத்துறையின் அனுமதியோடு இருளர்கள் நல்ல பாம்பு, கட்டு வீரியன், கண்ணாடி வீரியன், சுருட்டை வீரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்த பின் மீண்டும் இயற்கையான வாழிடத்தில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே நச்சுமுறிவு மருந்து செய்யப்படுகிறது. இந்நாட்டில் அம்மருந்து செய்யப் பயன்படும் நஞ்சில் பெரும்பங்கு இச்சங்கம் தருவது. 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2023ஆம் ஆண்டில் இம்மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்புக்கடியிலிருந்து மீண்ட ஒருவர் அங்கே செல்வது, தம் உயிரைக் காத்த மருந்து தொடங்கிய இடத்துக்குச் செல்வதாகும்.

விலகி நின்றே தொண்டு செய்ய முடியும் என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. ஏரிக்கு வரும் பறவைகளை யாரும் சுடலாகாது என்று, 1798ஆம் ஆண்டளவில் அவ்வூரார் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் உரிமை ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கம் இன்றும் அங்குண்டு. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் பறவைகளுக்குச் செய்த பேருதவி, அவற்றைத் தொல்லை செய்யாமல் விட்டதே.

விலகி நிற்பது விலங்குக்கு மட்டுமன்றி நமக்கும் நல்லது. நலமாகத் தோன்றும் ஆமை, பல்லி, பாம்பு முதலிய ஊர்வனவற்றின் குடலிலும் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார், கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், நெடுநாளாக ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு அது கடுமையான நோயைத் தரக்கூடும். பறவை எச்சம் உலர்ந்து தூசியாகும் இடங்களில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். ஆகவே இவர்கள் கூண்டு கழுவும் பணியிலும் தீவனம் நறுக்கும் பணியிலும் ஈடுபடலாகாது. திறந்தவெளிப் பாதையில் நடந்து பார்ப்பதற்கும், தம்மைக் கவனிக்கும் மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“நோயாளி என்பதற்காக எல்லா மகிழ்ச்சியையும் மறுப்பதா?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மறுக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து; பணியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே. உடல்வலிமை உள்ள உறவினர் துப்புரவுப் பணியில் உதவட்டும். நிற்க இயன்றவர் பார்வையாளருக்கு வழிகாட்டட்டும். பயணம் செய்ய இயலாதவர், ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவில் பங்கேற்கும் திட்டம் இருந்தால் அதில் சேரட்டும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் பார்வையாளர் வருகை நின்றபோது, நுழைவுச்சீட்டு வருவாயை நம்பியிருந்த முதலைப் பண்ணை நிதி நெருக்கடிக்கு உள்ளானது. அத்தகைய இடத்தில் முறையாகச் சீட்டு வாங்கி உள்ளே செல்வதும் உதவிதான்.

திட்டமிடும்போது முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். எத்தனை பேர் வரலாம், எந்த நாள் ஏற்றது, என்ன பணி உள்ளது என்று கேளுங்கள். நாளையும் பணியையும் அவர்களே முடிவு செய்யட்டும். தின்பண்டம் எதையும் விலங்குகளுக்கென்று எடுத்துச் செல்லாதீர்கள். வெயில் ஏறுமுன் சென்று திரும்புங்கள். நீரிழிவு உள்ளவர் உணவு நேரம் தவறாமலும், அனைவரும் அன்றாட மாத்திரைகளையும் மருத்துவக் குறிப்பின் நகலையும் மறவாமலும் செல்ல வேண்டும். வெளியே வந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே உண்ணுங்கள். வழியில் நாயோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நேரம் கடத்தாமல் கொண்டு செல்லுங்கள்.

வேடந்தாங்கலில் பறவைகள் கூடும் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்குள் செல்ல விரும்புவோர், அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு இந்தக் கேள்வியையும் மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.